ஃபோர்டு ஜீப்பின் எஞ்சின் சாம்பல் நிறம்: ஜே.சி. ரோட்டின் நிறக்கலவைக் கடை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

பெங்களூரு டவுன் ஹாலில் இருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி. ரோட்டில், உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே பிரியும் ஒரு குறுக்குச் சந்தில், வாகனங்களுக்குப் பெயிண்ட் கலந்து தரும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. நசுங்கிய கார்க் கதவைத் தட்டிச் சரிசெய்த பிறகு, பக்கத்துக் கதவோடு வேறுபாடு தெரியாத ஷேடைக் கலந்து கொடுப்பதே அவர்களுடைய அன்றாடத் தொழில். நான் அங்கே கொண்டுபோனது கார்க் கதவை அன்று. 1943-இல் செய்யப்பட்ட ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ராணுவ ஜீப்பின் எஞ்சின் உதிரிகளை. அந்த எஞ்சின் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது எந்த நிறத்தில் இருந்ததோ அதே நிறம் வேண்டும் என்பதே என் கோரிக்கை. நிறத்தைக் கண்டறிவதில் இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் தருவேன். அதே பெயிண்டின் பளபளப்பைக் கட்டுப்படுத்துவதில் பாதிக்கு மேல் தர மனம் வரவில்லை.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஜீப்காரர்கள் வந்தால் அரை லிட்டர் பெயிண்டுக்கு அரை நாள் பேச வேண்டியிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம், அதில் நியாயமும் உண்டு. எனவே, இதே வகைச் சேவையை எந்தக் கடையில் பெறுவதானாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

பழைய ராணுவ வண்டி என்றாலே தலை முதல் கால் வரை ஆலிவ் பச்சை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அமெரிக்க ராணுவம் விதித்த பளபளப்பற்ற ஆலிவ் பச்சை, முதன்மையாக வண்டியின் வெளிப்புறத்தைப் பற்றியது. எஞ்சினோ, அதைச் செய்த ஆலையில் அந்த ஆலையின் வழக்கப்படி பெயிண்ட் அடிக்கப்பட்டு, பிறகு வண்டிக்குள் ஏற்றப்பட்டது. இதனால்தான், ஒரே வரைபடத்தின்படி செய்யப்பட்ட ஒரே 134 கன அங்குல நான்கு சிலிண்டர் எஞ்சின், வில்லிஸ் நிறுவனத்தின் எம்.பி. ஜீப்பில் ஆலிவ் பச்சையாகவும் ஃபோர்டின் ஜி.பி.டபிள்யூ. ஜீப்பில் சாம்பலாகவும் வந்தது. வில்லிஸ் ஏறத்தாழ 3.6 லட்சம் ஜீப்புகளையும் ஃபோர்டு ஏறத்தாழ 2.78 லட்சம் ஜீப்புகளையும் போர்க்காலத்தில் செய்தன. இரண்டின் உதிரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அந்தப் பொருத்தம் போரில் வரமாக இருந்தது, பழைய வண்டிகளை மீட்டெடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கோ தலைவலியாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஏனெனில் இந்தியாவில் இந்த வண்டிகள் அமைதியாக ஓரிடத்தில் நின்றவை அல்ல. ராணுவப் பணிமனைகளில் எஞ்சின்கள் கழற்றி மாற்றப்பட்டன, ஏலத்தில் போன பிறகு எஸ்டேட்டுகளிலும் குவாரிகளிலும் ஓடின, சிவாஜி நகரின் பழைய இரும்புச் சந்தையான குஜிரியில் பிரிக்கப்பட்டு வேறு ஜீப்பின் உடலில் உயிர் பெற்றன. போதாக்குறைக்கு, எஞ்சின் என்றாலே அலுமினியச் சில்வர் பெயிண்டை வாளியில் கரைத்து மேலிருந்து கீழே தீட்டிவிடும் நம் ஊர் மெக்கானிக்குகளின் பழக்கம் வேறு. ஆகவே நிறத்தைத் தேடுவதற்கு முன் எஞ்சின் யாருடையது என்பதை உறுதி செய்ய வேண்டும். ஆயில் ஃபில்டருக்கு அருகே பிளாக்கில் உள்ள தட்டையான திட்டில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளே அது வில்லிஸா ஃபோர்டா என்பதைச் சொல்லிவிடும். ஃபோர்டு வண்டியாக இருந்தால் சேஸிஸில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது கூடுதல் சான்று. போல்ட்டுத் தலைகளில் கூட ஃபோர்டின் சாய்ந்த எஃப் எழுத்து இருக்கும் என்பதால், சிறு உதிரிகளையும் பிரித்தறிய முடியும். கடையில் பெயிண்ட் கலக்கும் பெரியவர் முதலில் கேட்டதே, “நம்பர் பாத்தீங்களா சார்?” என்பதுதான். வண்டியைப் பற்றி இப்படிக் கேட்கும் பெயிண்ட் கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாவதாக அவர் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. நான் கைப்பேசியில் குறித்து வைத்திருந்த ஷேடு எண்களை அவர் பார்க்க மறுத்தார். எண் கொண்டுவருபவர்களுக்குப் பொதுவாக நேரும் குழப்பத்தை அவர் அறிந்திருந்தார். அமெரிக்க அரசின் எஃப்.எஸ். 595 வண்ணத் தரம் வெளிவந்தது 1956-இல்; 1943-இல் ஜீப் செய்தவர்கள் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. அந்தத் தரத்தின் ஐந்து இலக்க எண்ணில் முதல் இலக்கம் பளபளப்பைக் குறிக்கும்: 1 என்றால் முழுப் பளபளப்பு, 2 என்றால் அரைப் பளபளப்பு, 3 என்றால் மேட், அதாவது பளபளப்பற்றது. இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம். 4 பச்சையையும் 6 சாம்பலையும் குறிக்கும். போர்க்கால ஆலிவுக்கு 33070 நெருக்கமானது என்று சொல்வோரும் 34087 என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இதில் வேடிக்கை, 34087-இன் நிறமே பிற்காலப் பதிப்பில் மாறிவிட்டது என்பது. 2017-இல் அந்தத் தரமே ஏ.எம்.எஸ். என்ற புதிய பெயருக்குள் போய்விட்டது. பிரிட்டனின் பி.எஸ். 381சி, நம் நாட்டின் ஐ.எஸ். 5 ஆகிய வண்ணத் தரங்களில் தேடினால் ஆலிவ் பச்சைகளும் டார்க் அட்மிரால்டி கிரே என்ற சாம்பலும் கிடைக்கும். ஆனால் அமெரிக்காவில் ஒரு தனியார் ஆலை தன் எஞ்சினுக்கு அடித்த சாம்பலை அந்த அட்டைகளில் எதிர்பார்ப்பது முறையாகாது. ஃபோர்டு 1939 முதல் விற்ற 9என் டிராக்டரின் சாம்பலை நெருங்கிய மாற்றாக எடுத்துக்கொள்வோர் உண்டு; அதுவும் இன்று டின்னில் விற்கப்படும் ஏதோ ஒரு நிறுவனத்தின் விளக்கமே. “எண்ணை வெச்சு நான் அடிச்சா அது எண்ணோட கலரு, உங்க எஞ்சினோட கலரு இல்ல” என்றார் பெரியவர். அவர் கேட்டது எஞ்சினில் இருந்து கழன்று வரும் துண்டு.

எந்தத் துண்டு என்பதில்தான் அனுபவம் தெரிகிறது. டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் கொண்டுபோனால் பயனில்லை; அவை வெளியிலிருந்து வாங்கப்பட்டு, பெரும்பாலும் கறுப்பில் வந்தவை. பிளாக்கோடு சேர்த்து ஒன்றாக ஸ்பிரே செய்யப்பட்ட பாகம் வேண்டும், ஆனால் பிற்காலத் தூரிகை எட்டாத மூலை அதில் இருக்க வேண்டும். டைமிங் செயின் மூடியின் அடிப்பக்கம், வால்வு அறையின் பக்க மூடியில் வளைவு மடியும் இடம், டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டின் உள்முகம் ஆகியவை அப்படிப்பட்டவை. பிராக்கெட்டுக்கு அடியில் பிளாக் வெறும் இரும்பாக இருந்தால், இரண்டையும் பூட்டிய பிறகே ஆலையில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்; அப்போது பெயிண்ட் நின்றுபோன கோட்டின் ஓரத்திலேயே மிகப் பழைய அடுக்கு கிடைக்கும். பல்லாண்டு கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லாக இறுகிய இடங்களை நாம் அருவருப்போடு சுரண்டி எறிகிறோம். அதற்கு அடியில்தான் வெயிலும் தின்னரும் படாத பெயிண்ட் இருக்கிறது.

பெரியவர் அந்த இறுகலை மினரல் டர்ப்பன்டைனில் நனைத்த பஞ்சால் நெடுநேரம் ஊறவைத்து எடுத்தார். தின்னரைத் தொடவில்லை, அது பழைய எனாமலைக் கரைத்து மேலடுக்கின் நிறத்தைக் கீழடுக்கில் பூசிவிடும். பிறகு வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு நாணயத்தின் அளவுக்கு வட்டமாகத் தேய்த்தார். 800-இல் தொடங்கி 2000 வரை பேப்பர் மாற்றித் தேய்த்தபோது, வெளிவட்டத்தில் சில்வர், அதற்குள் கெட்டியான பச்சை, அதற்குள் இன்னொரு மங்கிய பச்சை, கடைசியாக இரும்பை ஒட்டிச் சாம்பல் என்று அடுக்குகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு பச்சைகளும் பணிமனைகளின் கைவேலையாக இருக்கலாம். முதல் பச்சையைக் கண்டதுமே பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்றும், அதனால் ஃபோர்டு எஞ்சின்கள் பல இன்று பச்சையாக நிற்கின்றன என்றும் அவர் சொன்னார். மூன்று துண்டுகளிலும் இதே வரிசை வருகிறதா என்று பார்த்த பிறகே இயந்திரத்தைக் கையில் எடுத்தார். ஒரே துண்டை நம்பி முடிவு செய்யும் கடைக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பெக்ட்ரோ என்று அவர்கள் சுருக்கமாக அழைக்கும் அந்தக் கையடக்கக் கருவி, பரப்பின் மேல் ஒளியைப் பாய்ச்சி, கண்ணுக்குத் தெரியும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, எந்த டின்டரை (நிறம் தரும் செறிவுக் கலவையை) எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்ற சூத்திரத்தைக் கணினியில் காட்டும். கார்க் கதவுக்கு அது போதும். எண்பது வயதுப் பெயிண்டுக்கு அது போதாது, ஏனெனில் கருவி அளப்பது இன்றைய நிறத்தை. எண்ணெய் சார்ந்த பழைய எனாமல்கள் இருட்டில் இருக்கும்போது மஞ்சளாகும், சூட்டில் பழுப்பாகும், ஆயில் ஊறினால் இன்னும் கறுக்கும். கிரீஸுக்கு அடியில் காப்பாற்றப்பட்ட நம் சாம்பல், இருட்டிலேயே இருந்த காரணத்தால், நன்றாகவே மஞ்சள் பாய்ந்திருந்தது. காப்பாற்றியதும் கெடுத்ததும் ஒரே இருட்டுதான்.

இந்த இடத்தில் பெரியவர் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவதாக, சாம்பல் அடுக்கின் மேற்பரப்பை அளக்காமல், அந்த அடுக்கின் கனத்துக்குள்ளேயே சற்று இறங்கித் தேய்த்து, உள்ளே இருக்கும் புதிய பகுதியை மெருகேற்றி அளந்தார். இரண்டாவதாக, ஒரு துண்டைக் கடையின் மொட்டைமாடியில் வெயிலில் வைத்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். இருட்டில் ஏறிய மஞ்சளை வெளிச்சம் ஓரளவு திரும்ப எடுத்துவிடும். பழைய எண்ணெய் ஓவியங்களைப் பராமரிப்பவர்களும் அறிந்த உண்மை இது. வெயில் கண்ட துண்டும் காணாத துண்டும் அருகருகே வைத்தபோது வேறுபாடு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கருவி முதலில் தந்த சூத்திரத்தில் இருந்த மஞ்சள் ஆக்சைடு டின்டரில் ஒரு பகுதியை அவர் குறைத்தார், முழுவதையும் எடுக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு: இன்றைய டைட்டானியம் வெள்ளையில் கார்பன் கறுப்பைக் கலந்தால் வரும் சாம்பல் நீலம் பாய்ந்ததாக இருக்கும், அதைத் தணிக்கச் சிறிது மஞ்சள் எப்படியும் தேவை. எவ்வளவு சிறிது என்பதில்தான் கணினி முடிகிறது, கலப்பவரின் கண் தொடங்குகிறது. அந்தக் கண்ணுக்கும் பிழை வரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எதை எதற்காகக் குறைத்தார் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதனால் நாளை எனக்கு வேறு சான்று கிடைத்தால் எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று தெரியும்.

கடைக்குள் வெறும் டியூப்லைட்தான் என்பது ஒரு குறை. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாம்பல்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். பழைய டின்டர்களும் புதிய டின்டர்களும் வேறு வேறு பொருள்களால் ஆனவை என்பதால் இந்த வேலையில் அது கட்டாயம் நேரும். தகட்டில் அடித்துக் காட்டிய மாதிரியைச் சந்தின் முனைக்கு எடுத்துப்போய், மேகம் மூடிய காலை வெளிச்சத்தில் துண்டோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். பெங்களூரில் அந்த வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆட்டோக்காரர்களின் திட்டு கூடுதலாகக் கிடைக்கும்.

இனி என் குறையைச் சொல்கிறேன். அக்கால எஞ்சின் எனாமல் மேட் அன்று. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இன்றைய டூ-கே பாலியூரிதேன் போலக் கண்ணாடியாக மின்னுவதும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மெல்லிய மினுக்கம் அதற்கு உண்டு. நாம் தேய்க்காமல் விட்ட மூலைகளில் அது இன்றும் தெரிகிறது. நிறத்துக்கு இவ்வளவு பாடுபட்ட கடை, மினுக்கத்துக்கு வந்ததும் “கொஞ்சம் மேட் பேஸ் ஊத்திடலாம் சார்” என்று, மினுக்கத்தைக் குறைக்கும் அந்தக் கலவையைக் கண்மதிப்பில் ஊற்றியது. முதலில் வாங்கிய டின்னும் பிறகு வாங்கிய டின்னும் நிறத்தில் ஒன்றாகவும் மினுக்கத்தில் வேறாகவும் இருந்தன. மினுக்கம் குறைந்தால் அதே நிறம் வெளிறித் தெரியும் என்பதால், பிளாக்குக்கும் மூடிக்கும் வெவ்வேறு ஷேடு அடித்ததைப் போன்ற தோற்றம் வந்துவிட்டது. மேட் பேஸில் உள்ள நுண்தூள் டின்னின் அடியில் படியும், அடிக்கும் முன் அடிவரை கலக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. கேட்டபோது மறுபேச்சின்றி ஒரே டின்னாகக் கலந்து மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருப்பினும் இவர்களிடம் போகிறவர்கள், எஞ்சின் முழுவதற்கும் தேவையான அளவை ஒரே தடவையில் கலக்கச் சொல்வது நல்லது. ஒரு லிட்டர் தாராளமாகப் போதும், டச்சப்புக்கும் மிஞ்சும்.

எந்த வகைப் பெயிண்டில் கலப்பது என்ற கேள்விக்கு அவர்கள் தந்த பதில் நேர்மையானது. சாதாரண சிந்தெடிக் எனாமல் மினுக்கத்தில் அந்தக் காலத்துக்கு நெருக்கமாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் பெட்ரோல் சிந்தினால் இளகும். டூ-கே பெட்ரோலையும் பிளாக்கின் சூட்டையும் தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு இரண்டுமே உதவாது. அங்கே சில நூறு டிகிரி சூடு வரும் என்பதால், முதல் ஓட்டத்திலேயே கருகி நாறும் என்று சொல்லி அதற்குப் பெயிண்ட் விற்க மறுத்துவிட்டார்கள். நான் டூ-கே எடுத்தேன். ஹார்ட்னர், தின்னர் சேர்த்து லிட்டருக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. அடுக்கு தேய்த்துப் பார்த்ததற்கும் அளந்ததற்கும் தனியாக எதுவும் கேட்கவில்லை, நானாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் கார்ப் பட்டறைப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள், அன்று போகாதீர்கள். வார நாளில் பிற்பகல் போனால் பெரியவர் தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து நிதானமாகப் பேசுவார்.

போவதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் ஒரு காரியத்தை இந்தக் கடையால் சரிசெய்ய முடியாது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யும் பட்டறைகள் பிளாக்கைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் கொதிக்கவைத்துத்தான் வேலையைத் தொடங்குகின்றன. அந்தத் தொட்டியில் இருந்து எழும் பிளாக்கில் ஒரு துளி பழைய பெயிண்டும் மிஞ்சாது. கழற்றி வைத்த மூடிகளையும் பிராக்கெட்டுகளையும் “இதையும் சேத்துக் கழுவிடுங்க” என்று அனுப்பிவிட்டால் தேடுவதற்கு எதுவும் இருக்காது. எனவே பட்டறைக்கு அனுப்பும் முன் துண்டுகளைப் பிரித்தெடுத்து, அழுக்கோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். வீட்டிலேயே தேய்த்துப் பார்க்க விரும்புபவர்கள் தண்ணீர் இல்லாமல் தேய்க்க வேண்டாம். பழைய பச்சைகளிலும் மஞ்சள்களிலும் குரோம் மஞ்சள், அதாவது ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த தூளாக அது மூச்சில் போகக்கூடாது. பெரியவர் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறார், ஆனால் வெறுங்கையால். கையுறை கொண்டுபோய்க் கொடுத்தேன்; அது கல்லாவின் மேல் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

ஜபல்பூரில் செய்யப்பட்ட ஜோங்கா ராணுவ ஜீப் வைத்திருக்கும் நண்பர்களும் இங்கே போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். 1969 முதல் முப்பது ஆண்டுகள் செய்யப்பட்ட வண்டிக்கு ஒரே ஷேடு எண் இருக்கும் என்று எதிர்பார்க்காமல், உங்கள் வண்டியின் எஞ்சினில் இருந்தே துண்டைக் கழற்றிக்கொண்டு போங்கள். சூத்திரச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் மேட் பேஸின் அளவையும் கிராமில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனால் எழுதித் தருவார்கள்.